சித்திரமும் வேணும், மெஷினும் வேணும், படிப்பிக்கவும் வேணும்: எந்தப் பக்கம் போகலாம்?

கிளுவைவேலி:

எல்லோருக்கும் வணக்கம். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். தொழில்நுட்பப் பிரிவு. பொறியியல் தொழில்நுட்பம், தொழில்நுட்பத்திற்கான விஞ்ஞானம், மூன்றாவது பாடம் சித்திரம். அப்படி எடுக்கலாமா என்று கேட்காதீர்கள், எடுக்கலாம். ஐ.சி.டி. (கணினிப் பாடம்) எடு என்று எல்லோரும் சொன்னபோதும் நான் விடவில்லை.

இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறேன். கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, கடைத் திறப்பு, மறுபடி கண்ணீர் அஞ்சலி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயில் அறநெறிப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்தில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

கையால் கீறுவது, அதைக் கம்பியூட்டரில் வடிவமைத்து மெஷினில் வெட்டி எடுப்பது, பிறகு அதையே பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது. இந்த மூன்றும் சேர்ந்த வேலை ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா? அப்பா "ஏதாவது ஒன்றைப் பிடி" என்கிறார். அம்மாவுக்கு ரீச்சர் என்றால் போதும், என்ன பாடமாக இருந்தாலும் சரி.

நல்லூரான்:

பிள்ளை, கோவிக்காமல் கேள். அப்படி ஒரு வேலைக்கு விளம்பரம் வந்து நான் பார்த்ததில்லை. உன் அம்மா சொல்வதுதான் சரி. முதலில் அரச ஆசிரியர் நியமனம், மற்றதெல்லாம் பிறகு. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் குந்தியிருந்ததை இந்த ஊர் பார்த்ததுதானே. படம் கீறுவதை நியமனம் கிடைத்த பிறகு வீட்டு விறாந்தையிலிருந்து கீறலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

தூரிகைக்கட்டு:

தங்கச்சி, நான் ஒரு மாகாணப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். நல்லூரான் ஐயா சொன்னதில் பாதி உண்மை. மூன்றும் சேர்ந்த பதவி அரச பாடசாலையில் கிடையாது. நியமனக் கடிதத்தில் ஒரு பாடம்தான் எழுதியிருக்கும். ஆனால் கடிதத்தில் எழுதியிருப்பதும் வகுப்பறைக்குள் நடப்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

எங்கெங்கே இடம் இருக்கிறது என்று பார். 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. பல பள்ளிக்கூடங்களில் அதற்கென்று ஆள் இல்லை, நேரசூசியில் யாருக்குப் பாடம் குறைவோ அவர் தலையில் விழும். ஓ.எல்.லில் (சாதாரண தரத்தில்) வடிவமைப்பும் கட்டுமானத் தொழில்நுட்பமும், வடிவமைப்பும் இயந்திரத் தொழில்நுட்பமும், வடிவமைப்பும் மின், இலத்திரனியல் தொழில்நுட்பமும் என்று மூன்று பாடம். மூன்றின் தலைப்பிலும் "வடிவமைப்பு" முதலில் நிற்கிறது, வகுப்பில் அது கடைசியில்கூட வருவதில்லை. ஏ.எல்.லில் நீ படித்த தொழில்நுட்பப் பிரிவு 2013 இல்தான் வந்தது.

கடிதத்தில் எந்தப் பாடம் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், சித்திரம் என்பேன். தொழில்நுட்ப ஆசிரியருக்குப் பெரிய பாடத்திட்டம், பெறுபேற்றுக் கூட்டம், ரியூசன்காரரோடு போட்டி. அவர் மூச்சு விடவே நேரமில்லை. சித்திர அறைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, பரிசளிப்பு விழாவுக்கு மேடை சோடிக்க வேண்டிய கிழமை தவிர. அந்த அலட்சியத்தை நான் சுதந்திரமாக எடுத்துக்கொண்டேன். கத்தி, மட்டை, லேசர் வெட்டும் மெஷின் எல்லாம் அந்த அறைக்குள்தான் வந்து சேர்ந்தன.

எட்டாம் வகுப்புக்கு நான் செய்யும் ஒரு பாடத்தைச் சொல்கிறேன், நீ கேட்ட மூன்றும் அதில் இருக்கும். சதுரக்கோட்டுக் கொப்பியில், பனையோலைப் பாயில் மேலே வரும் ஓலைக்குக் கறுப்பு, கீழே போகும் ஓலைக்கு வெள்ளை என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒன்று விட்டு ஒன்று நிரப்பினால் சாதாரண இழைப்பு. இரண்டு மேலே, இரண்டு கீழே என்று நிரப்பி, ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டம் தள்ளிக்கொண்டு போனால் சாய்ந்த கோடு தானாக வரும். அதையே பிறகு கம்பியூட்டரில், இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் செய்வார்கள். அங்கே கட்டத்தைப் படியெடுக்க ஒரு நொடி, அதனால் பெடியளுக்கு ஆசை கூடிவிடும். மீன், பூ, தன் பெயரின் முதல் எழுத்து, எல்லாம் வரும். கடைசியில் நிறமட்டையைக் கீலமாக வெட்டிக் கையால் பின்ன வேண்டும். அப்போதுதான் வேடிக்கை. திரையில் அழகாக நின்ற மீன் கையில் தொங்கும். ஒரு கீலம் ஐந்தாறு கட்டத்துக்குத் தொடர்ந்து மேலேயே போனால் அதைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, இழை தொய்ந்துவிடும். நான் வாயைத் திறப்பதில்லை. பிள்ளையே திரும்பிப் போய் மீனின் வயிற்றுக்குள் இரண்டு வெள்ளைக் கட்டம் வைக்கும். அந்த இரண்டு கட்டம்தான் வடிவமைப்பு. மற்றதெல்லாம் அலங்காரம்.

கிளுவைவேலி:

சேர், இந்தப் பாடத்தை அறநெறியில் வருகிற ஞாயிறே செய்து பார்க்கப் போகிறேன்! லேசர் இல்லை, கத்தரிக்கோல்தான். ஆனால் எங்கே படிப்பது? மருதனார்மடமா, வெளியிலா?

தூரிகைக்கட்டு:

நாலு வழி இருக்கிறது. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம், இப்போது யாழ். பல்கலைக்கழகத்தின் ஒரு பீடம். அங்கே சித்திரமும் வடிவமைப்பும். கை நன்றாகத் திருந்தும், கலை வரலாறும் வரும். மெஷின் பக்கத்தை நீயாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மட்டக்களப்பு. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புல, தொழில்நுட்பக் கலைகள் என்றே ஒரு பட்டம் இருக்கிறது. உன் கேள்விக்குப் பெயரளவில் கிட்ட வருவது அதுதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதை விண்ணப்பத்தில் கீழே தள்ளிவிடுவார்கள், தூரம் என்று. கொழும்பு மட்டும் கிட்டவா?

மூன்றாவது மொரட்டுவை. கட்டடக்கலைப் பீடத்தில் வடிவமைப்புப் பட்டம். முழுக்க ஆங்கிலம். ஏ.எல். பெறுபேறு மட்டும் போதாது, அவர்களின் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அந்தப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பம் கோருவார்கள். பல்கலைக்கழக அனுமதிக் கைநூல் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்து அந்தத் திகதியைக் கோட்டை விடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். இந்த மூன்றுக்குமே இசட் புள்ளியை (ஏ.எல். பெறுபேற்றிலிருந்து கணிக்கும் அனுமதிப் புள்ளியை) மட்டும் நம்பி இருக்காதே, செயன்முறைத் தேர்வையும் விசாரி.

நாலாவது தேசிய கல்வியியற் கல்லூரி. இரண்டு வருடம் உள்ளே தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி. வர்த்தமானியில் அறிவித்தல் வரும், பாடநெறிக்குப் பாடநெறி தகைமை வேறுபடும். அம்மாவுக்குப் பிடித்த வழி இது.

ஆசாரி_பேரன்:

எல்லோரும் கம்பஸ் கதைக்கிறீர்கள். எங்கள் குடும்பம் கோயில் வாகனமும் தேரும் செய்த குடும்பம். அப்பாவுக்குப் பிறகு நான் பட்டறையில் சி.என்.சி. ரவுட்டர் (கம்பியூட்டர் வரைபடத்தைப் பார்த்து மரம் செதுக்கும் மெஷின்) போட்டேன். இப்போது வருகிற வேலையில் கூடுதலானது கதவும் சாமியறையும்தான். டிசைன் படித்த பிள்ளைகள் பென்டிரைவில் வரைபடம் கொண்டு வருவார்கள். திரையில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மெஷினுக்குக் கொடுத்தால் சண்டை.

ஏன் என்று சொல்கிறேன். பிட் (மெஷினில் சுழன்று வெட்டும் அலகு) வட்டமானது. மூன்று மில்லிமீற்றர் பிட் போட்டால் உள் மூலை ஒவ்வொன்றிலும் ஒன்றரை மில்லிமீற்றர் வளைவு விழும். தாமரை இதழ் இரண்டு சந்திக்கிற இடம் கூராக வர வேண்டும் என்று கீறியிருப்பார்கள், அங்கே மொட்டையாக நிற்கும். அந்த இடத்துக்கு உளிதான் போக வேண்டும். வி வடிவ பிட் போட்டால் கூர் கிடைக்கும், ஆனால் ஆழம் அகலத்தோடு மாறும், அதையும் யோசித்துக் கீற வேண்டும். அப்புறம் மரத்தின் ஓட்டம், அதாவது நார் ஓடும் திசை. வேம்பில் ஓட்டத்துக்குக் குறுக்கே மெல்லிய கொடி ஒன்று கீறி வந்தால் மெஷின் அதைப் பிய்த்துப் போட்டுவிடும். அப்பா ஒருநாளும் அப்படிக் கீற மாட்டார், ஏனென்றால் அவர் கையில் உளி பிடித்தவர்.

இன்னொன்று. இணையத்தில் சும்மா கிடைக்கிற சிங்கத்தை இறக்கி, பக்கத்து வீட்டுக் கதவிலும் அதே சிங்கம், கோயில் கதவிலும் அதே சிங்கம். ஊர் முழுக்க ஒரே முகம். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகிறவர்கள் இதை நிறுத்தினாலே பெரிய காரியம்.

நெடுந்தூரம்:

நான் கொக்குவில், இப்போது லண்டனில் இதே பாடத்தைத்தான் படிப்பிக்கிறேன். ஆகவே இங்கே எப்படி என்று சொல்கிறேன், ஆசைப்பட அல்ல, அளந்து பார்க்க.

இங்கிலாந்தில் டிசைன் அண்ட் டெக்னோலஜி 1990 இல் தேசியப் பாடத்திட்டத்தில் தனிப் பாடமாக வந்தது. நம் ஓ.எல்.லுக்குச் சமமான ஜி.சி.எஸ்.ஈ.யில் புள்ளியில் பாதி எழுத்துப் பரீட்சைக்கு, மற்றப் பாதி பிள்ளை தானே வடிவமைத்துச் செய்யும் பொருளுக்கு. ஜூன் 1 அன்று பரீட்சைச் சபை சில சூழல்களைத் தலைப்பாகக் கொடுக்கும். பிள்ளை அதற்குள் ஒரு ஆளைத் தேடிப் பிடித்து, அவருடைய பிரச்சினையைக் கேட்டு, கீறி, மட்டையில் மாதிரி செய்து, உடைத்து, திரும்பச் செய்து, எல்லாவற்றையும் கோப்பில் காட்ட வேண்டும். பொருள் மட்டும் மினுங்கி, கோப்பு வெறுமையாக இருந்தால் புள்ளி விழாது.

கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 2004 இலிருந்து பதினாலு வயதுக்கு மேல் இந்தப் பாடம் கட்டாயமில்லை. அதற்குப் பிறகு எடுக்கிற பிள்ளைகள் மளமளவென்று குறைந்தார்கள். பட்டறை நடத்தச் செலவு, டெக்னீசியன் சம்பளம் வேறு. பாடத்தையே கைவிட்ட பள்ளிக்கூடங்களும் உண்டு. ஆசிரியர் தட்டுப்பாடு என்று சொல்லி அரசாங்கம் பயிற்சிக்கு உதவிப்பணம் கொடுத்து ஆள் தேடுகிறது. வெளிநாடு என்றால் எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைக்க வேண்டாம்.

தங்கச்சி, இங்கிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது அந்தக் கோப்பு. இன்றைக்கே தொடங்குங்கள். முடிந்த படங்களை மட்டும் அடுக்க வேண்டாம். பிளெக்ஸ் கடை வேலையையும் வையுங்கள். செத்த வீட்டுக்காரர் போனில் அனுப்பிய மங்கலான படம், அவர்கள் கேட்ட வாசகம், நீங்கள் முதலில் அடுக்கியது, அவர்கள் "மாமாவின் பெயர் விடுபட்டுவிட்டது" என்றதும் மாற்றியது. பெயர்களை மறைத்துவிட்டு வையுங்கள். அவசரத்தில் நிற்கிற, கவலையில் இருக்கிற மனிதருக்கு ஒரு மணித்தியாலத்தில் வேலை முடித்துக் கொடுப்பதை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராது.

நல்லூரான்:

லண்டன் கதை நல்லது. இங்கே போட்டோக்கொப்பி மெஷினுக்கு ரோனர் வாங்கவே பெற்றோரிடம் கை நீட்டுகிறார்கள். லேசருக்கு யார் காசு கொடுப்பது? சம்பளத்தில் வாங்குவாவா?

தூரிகைக்கட்டு:

ஐயா, பழைய மாணவர் சங்கம். பெயர்ப்பலகை ஒட்டக்கூடிய பொருள் என்றால் கனடாவிலிருந்து காசு வரும். வராதது அதற்குப் பிறகு தேவைப்படுகிறவை: பிளைவூட், கண்ணாடிக் குழாய், லென்ஸ், புகை இழுக்கும் விசிறி. கேட்கும்போதே மெஷினோடு இரண்டு வருடச் செலவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். "மெஷின் தாறம், மிச்சத்தைப் பள்ளிக்கூடம் பார்க்கட்டும்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பரிமாண பிரிண்டர் ஒன்று துணி போர்த்தியபடி அதிபரின் அறையில் நிற்கிறது. யாராவது பெரிய ஆக்கள் வந்தால் துணியை எடுப்பார்கள்.

யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. சி.ஓ.2 லேசரின் குழாயைத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை குழாய்க்குள்ளும் படியும். பற்றரிக்கு விடுகிற வடித்த நீரைத்தான் விட வேண்டும். மத்தியான வெயிலில் அந்த நீரே சூடாகிவிடும், ஆகவே நான் வெட்டுகிற வேலையைக் காலை முதல் இரண்டு பாடத்துக்குள் முடித்துவிடுவேன்.

றெக்சின் துண்டு கொண்டு வந்து "சேர், இதையும் வெட்டுவோம்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒருநாளும் கூடாது. அதில் பி.வி.சி. இருக்கிறது, சுட்டால் குளோரின் சார்ந்த நச்சுப் புகை வரும். பிள்ளையின் நெஞ்சுக்கும் கேடு, மெஷினின் இரும்பும் துருவேறிப் போகும்.

மெஷின் வருமட்டும் சும்மா இருக்கவும் தேவையில்லை. பிஸ்கட் பெட்டி மட்டையும் கட்டர் கத்தியும் போதும். மட்டையில் பொருத்து வெட்டப் பழகிய பிள்ளை லேசருக்கு வரும்போது கேட்கிற கேள்வியே வேறு.

பெட்டி_இழைப்பு:

நான் பனையோலை வேலை பழக்குகிறேன். சேர் எழுதிய சதுரக்கோட்டுப் பாடம் வாசித்தேன், நன்றாயிருக்கிறது. இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். மட்டைக் கீலம் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அகலம். ஓலை அப்படியில்லை, நுனிக்குப் போகப் போக ஒடுங்கும். குருத்தோலையை வெயிலில் காயவிட்டு, இழைக்க முன் ஈரம் காட்டிப் பதப்படுத்தி, ஈர்க்கை எடுத்துவிட்டு, ஒரே அளவாக வார (கிழித்தெடுக்க) வேண்டும். அந்த வார்தலில்தான் கை பழகியவரும் பழகாதவரும் பிரிவார்கள். அளவு தப்பினால் கம்பியூட்டரில் போட்ட கோலம் பத்தாவது வரியில் சரியும். சாயம் போட்ட ஓலை, போடாத ஓலையை விடக் கொஞ்சம் முறுக்கும், அதற்கும் இடம் விட வேண்டும்.

அப்புறம் கோலம் மட்டும் போதாது. தட்டையாக இழைத்தால் பாய். மூலை மடக்கினால்தான் பெட்டி. நீத்துப்பெட்டியும் (பிட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) சுளகும் எப்படி உருவம் எடுக்கின்றன என்று பிள்ளைகளை அவிழ்த்துப் பார்க்கவிடுங்கள். பழையதாகக் கேளுங்கள், எந்த வீட்டுக் குசினியிலும் ஒன்று கிடக்கும்.

தூரிகைக்கட்டு:

அக்கா, அவிழ்த்துப் பார்க்கிற யோசனை பிரமாதம். அடுத்த தவணைக்கு உங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடலாமா? உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பார்க்கவும்.

கிளுவைவேலி:

இன்னொரு கேள்வி. கடையில் கோரல் டிரோ மென்பொருள், பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துரு. நான் யுனிகோட்டில் அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறுகிறது, முதலாளி "பாமினியிலேயே அடி பிள்ளை" என்கிறார். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது எதில் பழக்குவது?

நெடுந்தூரம்:

யுனிகோட். யோசிக்கவே வேண்டாம். பாமினியில் செய்த வேலையை வேறு கம்பியூட்டரில் திறந்து, அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் குப்பைதான், தேடவும் முடியாது. இங்க்ஸ்கேப் தமிழை ஒழுங்காகக் காட்டும், இலவசம். இல்லஸ்ட்ரேட்டர் பாவிக்கிறவர்கள் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தெரிவுசெய்தால் கொம்பும் காலும் சரியான இடத்துக்கு வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி எல்லாம் கூகுள் எழுத்துருக்களில் சும்மா கிடைக்கின்றன. லேசருக்கு அனுப்ப முன் எழுத்தைப் பாதையாக (வெளிக்கோட்டு வடிவமாக) மாற்றுங்கள். வெட்டுகிற எழுத்து என்றால் 'ழ', 'ஞ' இவற்றின் சுழிக்குள் இருக்கிற துண்டு கழன்று விழும், ஒரு சின்னப் பாலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும்.

நல்லூரான்:

எழுத்துரு, சுழி எல்லாம் சரி. என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. வயிற்றுப்பாடு? கலை என்று போனவர்கள் இந்த ஊரில் எப்படி இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

தூரிகைக்கட்டு:

எப்படி இருந்தார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. 1938 இல் சித்திர வித்தியாதரிசி (பாடசாலைப் பரிசோதகர்) எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் சித்திரக் கழகத்தைத் தொடங்கினார். இலங்கையில் சித்திரக் கல்விக்குத் தலைமைப் பரிசோதகராக இருந்த வின்சரின் பெயரில். அதில் கூடியவர்களில் பலர் பள்ளிக்கூட ஆசிரியர்கள். பிறகு வந்த ஓவியர் அ. மாற்குவும் சித்திரம் படிப்பித்தவர்தான். மாதம் பிறந்தால் சம்பளம், ஆகவே விலைபோகிற படம்தான் கீற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் "முதலில் நியமனம்" என்கிறீர்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். நீங்கள் அதோடு நிறுத்துகிறீர்கள், நான் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

கஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை. முதல் நியமனம் பெரும்பாலும் வீட்டுக்குக் கிட்டக் கிடைக்காது. வன்னியில் அல்லது தீவுப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், சித்திர அறை என்று ஒன்றே இல்லாத இடம். அங்கே லேசரும் இல்லை, லேசருக்குக் காசு அனுப்பப் பழைய மாணவரும் இல்லை. அங்கே கை கொடுப்பது மட்டையும் ஓலையும்தான். அதனால்தான் மெஷினை நம்பிப் பாடம் கட்டாதே என்கிறேன்.

ஆசாரி_பேரன்:

வயிற்றுப்பாடு என்றால் நானும் சொல்லலாம். எனக்கு இப்போது வேண்டியது மெஷின் ஓட்டுகிற ஆள் இல்லை, அது கிடைக்கும். வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு, கையால் கீறிக் காட்டி, அதை மெஷின் வெட்டுகிற மாதிரி மாற்றத் தெரிந்த ஆள். பகுதிநேரமாக இருந்தாலும் பரவாயில்லை. அப்படி ஒருவரைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.

நல்லூரான்:

அப்ப பட்டறையில் வேலை, பள்ளிக்கூடத்தில் வேலை, இரண்டும் அரைகுறை. நான் மாறவில்லை. நியமனக் கடிதத்தோடு வந்து இதே இழையில் எழுது பிள்ளை, அப்போது பார்ப்போம்.

கிளுவைவேலி:

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் அப்பாவுக்கு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். ஆசாரி அண்ணை எழுதிய இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருதனார்மடம், மட்டக்களப்பு, மொரட்டுவை மூன்றுக்கும் விண்ணப்பிக்கிறேன். கல்வியியற் கல்லூரி அறிவித்தல் வந்தால் அதற்கும். எது கிடைத்தாலும் சித்திரப் பக்கமாகவே போகிறேன். மொரட்டுவை உளச்சார்புப் பரீட்சைக்கு ஆங்கிலம்தான் பயம்.

ஆசாரி அண்ணை, பகுதிநேர வேலை என்று எழுதியது உண்மையா? ஞாயிறு அறநெறி, கிழமை நாளில் கடை. சனி பின்னேரம் வரலாமா? உளி பிடிக்கத் தெரியாது.

நெடுந்தூரம்:

ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். உங்கள் கோப்பில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதிப் பழகுங்கள்: யாருக்கு, ஏன், என்ன மாற்றினேன். எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.

ஆசாரி_பேரன்:

உண்மைதான். சனி பின்னேரம் வா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. உளி முதல் நாள் தரமாட்டேன். முதலில் மெஷின் வெட்டிய தாமரை ஒன்றும் என் அப்பா வெட்டிய தாமரை ஒன்றும் தருவேன், இரண்டையும் பார்த்துக் கீறிக்கொண்டு இரு. சப்பாத்து போட்டுக்கொண்டு வா, செருப்போடு பட்டறைக்குள் விடமாட்டேன். தலைமயிரை இறுக்கிக் கட்டு, சால் (துப்பட்டா) வேண்டாம்.